மூன்று சென்டிமீட்டர் நார்: ஷே ரால்ஃபின் முழங்கால்களும் பெண்கள் கூடைப்பந்தும்

அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து வரலாற்றில் ஒரு தாயும் மகளும் இருக்கிறார்கள். தாய் மார்ஷா மான். 1970களின் நடுவில் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணியிலிருந்து 'ஆல்-அமெரிக்கன்' பட்டியலுக்குத் தேர்வான முதல் வீராங்கனை அவர்தான். ஆனால் அவர் கல்லூரியை முடித்தபோது, மேற்கொண்டு ஆடுவதற்குச் சம்பளம் கொடுக்கும் பெண்கள் லீக் எதுவும் அமெரிக்காவில் இல்லை. ஆட்டம் அத்தோடு சரி.

மகள் ஷே ரால்ஃப். அவர் 2001ல் கல்லூரியை முடித்தபோது லீக் இருந்தது. அந்த லீக்கில் அவரைத் தேர்ந்தெடுத்த அணியும் இருந்தது. முழங்கால்தான் இல்லை. நாட்டின் சாம்பியன் அணியை முன்னின்று நடத்திய வீராங்கனை தொழில்முறை லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

இதை வெறும் துரதிர்ஷ்டம் என்று சொல்லிக் கடந்து போய்விடலாம். ஓரளவுக்கு அது உண்மையும்கூட. ஆனால் அவர் ஆடிய ஆண்டுகளைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். பெண்களுக்கு ஆடுகளத்தின் கதவு திறந்த வேகத்துக்கு, அந்த ஆட்டம் பெண்களின் முழங்காலை என்ன செய்கிறது என்ற அறிவு வளரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. ரால்ஃபின் தலைமுறை ஆடியது அந்தப் பள்ளத்தின் விளிம்பில்.

ஓடக்கூடாத கூடைப்பந்து

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். சில மாதங்களிலேயே, பக்கத்து ஊரான நார்தாம்ப்டனில் இருந்த ஸ்மித் பெண்கள் கல்லூரிக்கு அந்த ஆட்டத்தைக் கொண்டுபோனார் செண்டா பெரென்சன் என்ற உடற்பயிற்சி ஆசிரியை. ஆனால் அப்படியே கொண்டுபோகவில்லை, விதிகளை மாற்றினார். ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்தார். ஒரு பகுதியில் நிற்பவர் அடுத்த பகுதிக்குள் நுழையக்கூடாது. எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பறிக்கக்கூடாது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும் கட்டுப்பாடு. பெண்ணின் உடல் அதற்கு மேல் தாங்காது, அப்படி ஆடுவது பெண்ணுக்கு அழகும் அல்ல என்பதுதான் அந்தக் காலத்துப் பொதுக்கருத்து. பெரென்சனைக் குறை சொல்வதற்கில்லை. அந்தக் கருத்தோடு சமரசம் செய்துகொண்டதால்தான் பெண்கள் ஆடவாவது முடிந்தது.

பின்னாளில் இது அணிக்கு ஆறு பேர் ஆடும் ஆட்டமாக மாறியது. மூன்று பேர் தாக்க, மூன்று பேர் காக்க. நடுக்கோட்டை யாரும் தாண்டக்கூடாது. கல்லூரிப் பெண்கள் அணிக்கு ஐந்து பேராக முழு ஆடுகளத்திலும் ஓடி ஆடலாம் என்ற விதி 1971ல்தான் நிலைபெற்றது. அயோவா மாநிலப் பள்ளிகளில் ஆறு பேர் ஆட்டம் 1993 வரைக்கும் நடந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

1972 ஜூனில் 'டைட்டில் ஒன்பது' என்ற சட்டம் வந்தது. அரசுப் பணம் பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண் பெண் பாகுபாடு காட்டக்கூடாது என்பது அதன் சாரம். சட்டத்தில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. ஆனால் அதன் மிகப் பெரிய விளைவு விளையாட்டில்தான் தெரிந்தது. 1971-72 கல்வியாண்டில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய பெண்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 2,94,000. 2000-01ல் அது 27 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 1982ல் என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கான கூடைப்பந்துச் சாம்பியன் போட்டியைத் தொடங்கியது. 1996 அக்டோபரில் ஏ.பி.எல்., 1997 ஜூனில் டபிள்யூ.என்.பி.ஏ. என இரண்டு தொழில்முறை லீக்குகள் அடுத்தடுத்து வந்தன. ஏ.பி.எல். இரண்டே ஆண்டுகளில் மூடப்பட்டது. டபிள்யூ.என்.பி.ஏ. நிலைத்துவிட்டது.

ஷே ரால்ஃப் 1978ல் பிறந்தவர். தாய்க்குக் கிடைக்காத எல்லாமே அவருக்கு முன்னால் வரிசையாகத் திறந்துகொண்டு வந்தன.

முதல் கிழிசல்

ரால்ஃப் வளர்ந்த ஊர் வட கரோலினாவின் ஃபாயெட்வில். உயர்நிலைப் பள்ளியை முடிக்கும்போதே நாட்டின் மிகச் சிறந்த பள்ளி வீராங்கனைகளில் ஒருவர் என்று பெயர் வாங்கிவிட்டார். தாய் ஆடிய வட கரோலினாவுக்குப் போகாமல், 1996ல் வடக்கே கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பயிற்சியாளர் ஜீனோ ஆரியம்மாவின் கீழ் அந்த அணி 1995ல் 35 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் சாம்பியன் ஆகியிருந்தது. நாட்டில் எந்தப் பெண்ணும் ஆட ஆசைப்படும் இடமாக அது மாறிக்கொண்டிருந்தது.

ரால்ஃபின் ஆட்டத்தில் நாசூக்கு குறைவு, வேகம் அதிகம். பந்து கோட்டுக்கு வெளியே உருண்டு போனால் தரையில் பாய்ந்து பிடிப்பார். இரண்டு பேர் நடுவில் இடைவெளி இல்லாவிட்டாலும் புகுந்து போவார். ஆறடி உயரம், எந்த இடத்திலும் ஆடக்கூடிய திறமை. முதலாண்டு மாணவியாக அவர் ஆடிய 1996-97 சீசனில் கனெக்டிகட் தோல்வியே இல்லாமல் என்.சி.ஏ.ஏ. போட்டிக்குள் நுழைந்தது.

1997 மார்ச்சில், அந்தப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே ரால்ஃபின் வலது முழங்காலில் ஏ.சி.எல். கிழிந்தது. அணி மேலும் சில ஆட்டங்களை வென்று, இறுதி நால்வருக்கு ஒரு படி முன்னால் டென்னசியிடம் தோற்றது. அந்த சீசனின் ஒரே தோல்வி அதுதான். டபிள்யூ.என்.பி.ஏ.வின் முதல் ஆட்டத்துக்கு அப்போது இன்னும் மூன்று மாதம் இருந்தது.

அந்த நார் என்ன செய்கிறது?

நம் ஊரில் 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று சொல்வார்களே, பெரும்பாலும் அது இந்த ஏ.சி.எல். ஆகத்தான் இருக்கும். முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இரண்டு நார்கள் பெருக்கல் குறி போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருக்கின்றன. அவற்றில் முன்பக்கத்து நார் ஏ.சி.எல். நீளம் சுமார் 3 சென்டிமீட்டர், அகலம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும், அளவுக்கு மீறித் திருகாமலும் பிடித்து வைப்பது அதன் வேலை.

நேராக நடப்பதற்கு இந்த நார் பெரிதாகத் தேவைப்படாது. கிழிந்த பிறகும் பலர் நடக்கிறார்கள், படியேறுகிறார்கள். ஆனால் ஓடிவந்து சட்டென்று நின்று திரும்புவது, எம்பிக் குதித்து ஒற்றைக் காலில் இறங்குவது ஆகியவற்றுக்கு அது கட்டாயம் வேண்டும். கூடைப்பந்து என்பதே இந்த இரண்டு அசைவுகள்தான்.

பலரும் நினைப்பதுபோல் இந்த நார் பெரும்பாலும் மோதலில் கிழிவதில்லை. பக்கத்தில் யாருமே இல்லாதபோது, தானாகத் தரையிறங்கும்போது கிழிவதுதான் அதிகம். கால் தரையைத் தொட்டதும் முழங்கால் உள்பக்கமாக மடிந்து திருகுகிறது. காணொளிகளைச் சட்டம் சட்டமாக ஆராய்ந்தவர்கள், தரையைத் தொட்ட 40 மில்லி நொடி அளவிலேயே கிழிசல் நிகழ்ந்துவிடுகிறது என்கிறார்கள். மூளைக்குச் செய்தி போய், தசை இறுகிக் காப்பாற்றுவதற்கு அந்த நேரம் போதாது.

கிழிந்தால் அது தானாக நன்றாக ஒட்டுவதும் அரிது. உடலின் மற்ற இடங்களில் காயம் பட்டால் இரத்தம் உறைந்து ஒரு பாலம் போலாகும், அதன்மேல் புதுத் திசு வளரும். முழங்காலுக்குள் இருக்கும் மூட்டுநீர் அந்த உறைவைக் கரைத்துவிடுகிறது. அறுந்த கயிற்றின் இரண்டு முனைகளும் தண்ணீரில் மிதப்பதுபோல் கிடக்கும்.

தையலிலிருந்து திருகாணி வரை

இந்த நாரைச் சரிசெய்யும் முயற்சிக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. 1895ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற அறுவை மருத்துவர், 41 வயதுச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் கிழிந்த நார்களைத் தைத்தார். தையல் பலருக்கும் நீடித்துப் பலன் தரவில்லை. 1917ல் ஹே குரோவ்ஸ் வேறு வழியில் போனார். கிழிந்ததைத் தைப்பதற்குப் பதிலாக, தொடையின் வெளிப்பக்கத்திலிருந்து ஒரு நாரை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். 1963ல் அமெரிக்காவின் கென்னத் ஜோன்ஸ், முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள நாரின் ஒரு பகுதியை எலும்புத் துண்டோடு எடுத்துப் பயன்படுத்தினார். இன்றுவரை விளையாட்டு வீரர்களுக்கு அதிகம் செய்யப்படும் முறைகளில் ஒன்றின் தொடக்கம் அது.

ஜப்பானில் மசாகி வதனபே உருவாக்கிய மூட்டு உள்நோக்குக் கருவி 1960களில் பரவத் தொடங்கியது. 1980களில் ஏ.சி.எல். அறுவையையே சிறு துளைகள் வழியாகச் செய்ய முடிந்தது. புது நாரை எலும்புக்குள் இறுக்கிப் பிடிக்கத் திருகாணிகள் வந்தன. அதற்கு முன்பெல்லாம் ஏ.சி.எல். போனால் ஆட்டம் போயிற்று என்றே அர்த்தம். 1985 மார்ச்சில் இந்தக் காயம் பட்ட நியூயார்க் நிக்ஸ் அணியின் பெர்னார்ட் கிங், கடுமையாக உழைத்துத் திரும்பி 1991ல் மீண்டும் ஆல்-ஸ்டார் ஆனபோது அதை அதிசயமாகவே பார்த்தார்கள்.

1990ல் இண்டியானாபோலிஸின் டொனால்ட் ஷெல்போர்ன் ஒரு முக்கியமான கட்டுரை வெளியிட்டார். அதுவரை அறுவை முடிந்ததும் காலைப் பல வாரம் அசையாமல் கட்டி வைப்பது வழக்கம். மருத்துவர் சொன்னதைக் கேட்காமல் சீக்கிரமே நடக்க ஆரம்பித்த நோயாளிகள்தான் உண்மையில் நன்றாகத் தேறினார்கள் என்று அவர் கவனித்தார். அதன்பின் காலை உடனே அசைப்பது, சீக்கிரம் தசையைத் தேற்றுவது, சில மாதங்களில் களம் திரும்புவது என்ற போக்கு பரவியது. மூட்டு இறுகிப் போகும் தொல்லை இதனால் வெகுவாகக் குறைந்தது. இது பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை.

ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. ஒட்டவைத்த புது நார் முதலில் பலம் பெறுவதில்லை, பலம் இழக்கிறது. இரத்த ஓட்டம் இல்லாமல் வைக்கப்பட்ட அந்தத் திசுவுக்குள் புது இரத்தக் குழாய்கள் புகுந்து, பழைய இழைகள் கரைந்து, புதியவை வளர்ந்து அது உண்மையான லிகமென்ட் போல மாற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். இதற்குள் வலி போய்விடும், வீக்கம் வற்றிவிடும், தொடை தேறிவிடும். ஆட்டக்காரருக்குத் தான் குணமாகிவிட்டதாகவே தோன்றும். உள்ளே இருக்கும் நாருக்கு மட்டும்தான் தெரியும், இன்னும் இல்லை என்று.

ரால்ஃபுக்கு 1997-98 சீசன் தொடங்குவதற்கு முன்பே அதே வலது முழங்கால் மறுபடியும் கிழிந்தது. மறுபடியும் அறுவை. அந்த சீசன் முழுவதும் வெளியே உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்கள் தவறு செய்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஏ.சி.எல். அறுவைக்குப் பிறகு வேகமும் திருப்பமும் நிறைந்த விளையாட்டுக்குத் திரும்பும் 25 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு ஏதாவது ஒரு முழங்காலில் மறுபடியும் கிழிகிறது என்று 2016ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கூறியது. ஒன்பது மாதம் வரையில், திரும்புவதை ஒத்திப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயத்தின் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகிறது என்று அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு காட்டியது. இந்தக் கணக்குகள் 1997ல் யார் கையிலும் இல்லை.

உச்சம்

கல்லூரி விதிப்படி ஒரு மாணவி ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு சீசன் ஆடலாம். அதனால் 1997-98ல் உட்கார்ந்தது ரால்ஃபின் கணக்கில் கழியவில்லை. 1998-99ல் திரும்பி வந்தார்.

அதே சீசனில் அணிக்கு ஒரு புதிய மாணவி வந்தார். பெயர் சூ பேர்ட். 1998 டிசம்பரில், கல்லூரியில் எட்டு ஆட்டங்களே ஆடியிருந்த நிலையில் அவருக்கும் ஏ.சி.எல். கிழிந்தது! இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1999-2000 சீசன் ரால்ஃபின் ஆண்டு. ஸ்வெட்லானா அப்ரோசிமோவா, சூ பேர்ட், ஸ்வின் கேஷ், அஷா ஜோன்ஸ், டமிக்கா வில்லியம்ஸ் என்று அணி முழுக்கப் பெரிய பெயர்கள். அவர்களுக்கு நடுவில் ஆட்டத்தின் சூட்டைக் கூட்டுவது ரால்ஃபின் வேலை. 2000 ஏப்ரல் 2 அன்று ஃபிலடெல்ஃபியாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் கனெக்டிகட், டென்னசியை 71-52 என்று வென்றது. ரால்ஃப் 15 புள்ளி, 7 அசிஸ்ட், 6 பந்துப் பறிப்பு. இறுதி நால்வர் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது. 36 வெற்றி, ஒரே தோல்வி என்று சீசன் முடிந்தது. இரண்டு முறை கிழிந்த முழங்காலோடு நாட்டின் உச்சியில் நின்றார்.

இன்னும் ஒரு ஆண்டு மீதமிருந்தது. அது முடிந்தால் டபிள்யூ.என்.பி.ஏ.

2001 மார்ச் 6

பிக் ஈஸ்ட் போட்டியின் இறுதி ஆட்டம், ஸ்டார்ஸில் கனெக்டிகட்டின் சொந்த அரங்கில் நடந்தது. எதிரணி நோட்ரடாம். நாட்டின் முதல் இரண்டு அணிகள் என்றே அப்போது பலரும் கருதினார்கள். அந்த ஆட்டத்தைப் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தின் மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்றாக இன்றும் சொல்கிறார்கள். 76-76 என்று இருந்தபோது, கடைசி நொடிகளில் சூ பேர்ட் களத்தின் மறுகோடியிலிருந்து ஓடிவந்து மணி அடிக்கும் நேரத்தில் பந்தைக் கூடையில் போட்டார். 78-76. அந்த ஒரு ஆட்டத்தைப் பற்றி முழுப் புத்தகமே வந்திருக்கிறது.

அந்தக் கூடையை ரால்ஃப் களத்தில் நின்று பார்க்கவில்லை. அதே ஆட்டத்தின் முதல் பாதியில் அவருடைய முழங்கால் போய்விட்டது. இந்த முறை இடது கால்.

மார்ச் 30 அன்று செயின்ட் லூயிஸில் நடந்த தேசிய அரையிறுதியில் கனெக்டிகட் மீண்டும் நோட்ரடாமைச் சந்தித்தது. அப்ரோசிமோவா பாதக் காயத்தால் பிப்ரவரியிலேயே விலகியிருந்தார். ரால்ஃபும் இல்லை. முதல் பாதியில் நன்றாக முன்னிலை பெற்றிருந்தும் 90-75 என்று தோற்றார்கள். முதலாண்டு மாணவி டயானா டௌராசி அன்று 15 முறை எறிந்து ஒரே ஒருமுறைதான் கூடையில் போட்டார். தளர்ந்த நேரத்தில் ஆட்டத்தைத் தாங்கிப் பிடிக்க மூத்தவர்கள் இல்லை.

ரால்ஃபின் கல்லூரி ஆண்டுகள் முடிந்துவிட்டன. அதே ஏப்ரலில் நடந்த டபிள்யூ.என்.பி.ஏ. தேர்வில், மூன்றாம் சுற்றில் 40ஆவது ஆளாக யூட்டா ஸ்டார்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. முந்தைய ஆண்டின் இறுதி நால்வர் சுற்றில் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது பெற்றவருக்கு 40ஆவது இடம்! அந்த இடைவெளி முழுவதும் முழங்காலின் விலைதான். அவர் அந்த அணிக்கு ஆடவே இல்லை.

சூ பேர்ட்? 2002 தேர்வில் முதல் ஆளாக சியாட்டிலுக்குப் போனார். 2022 வரை, 41 வயது வரை, ஆடினார். ஒரே பல்கலைக்கழகம், ஒரே பயிற்சியாளர், ஏறக்குறைய ஒரே காலம், ஒரே காயம். ஒருவருக்கு இருபது ஆண்டு, இன்னொருவருக்கு ஒரு நாள்கூட இல்லை. மன உறுதி இருந்தால் எதையும் வெல்லலாம் என்று எழுதுபவர்கள் இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ரால்ஃபிடம் மன உறுதி குறைவு என்று அவர் ஆட்டத்தைப் பார்த்த யாரும் சொல்லமாட்டார்கள்.

எண்ணிப் பார்த்தபோது

ரால்ஃப் கல்லூரியில் சேர்வதற்கு ஓராண்டு முன், 1995ல், எலிசபெத் ஆரெண்ட், ராண்டால் டிக் ஆகிய இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். என்.சி.ஏ.ஏ. கல்லூரிகளின் காயக் கணக்குகளை எடுத்து ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டிருந்தார்கள். கூடைப்பந்தில், ஆடும் நேரங்களைச் சமமாகக் கணக்கிட்டாலும், பெண்களுக்கு ஏ.சி.எல். காயம் ஆண்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகம்! கால்பந்தில் இரண்டு மடங்குக்கும் மேல். சட்டம் வந்து 23 ஆண்டு கழித்துத்தான் இது தெளிவாக எண்ணிப் பார்க்கப்பட்டது.

ஏன் இந்த வித்தியாசம்? இடுப்பு அகலம், தொடை எலும்பில் நார் போகும் பள்ளத்தின் குறுகல், ஹார்மோன் என்று பல காரணங்கள் பேசப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஓரளவு ஆதாரமும், ஓரளவு மறுப்பும் உண்டு. ஆபத்து என்னவென்றால், இந்தக் காரணங்கள் எல்லாம் 1890களின் பழைய பல்லவிக்கே திரும்பிப் போகக்கூடியவை: பெண் உடல் இதைத் தாங்காது.

ஆனால் இன்னொரு காரணம் இருந்தது, அதை மாற்ற முடியும். எப்படித் தரையிறங்குகிறார்கள் என்பதுதான் அது. பருவ வயதைத் தாண்டிய பெண்களில் பலர் முழங்காலைக் குறைவாக மடக்கி, கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்த்து இறங்குகிறார்கள். தொடையின் முன்தசை அதிகம் இழுக்கிறது, பின்தசை குறைவாகத் தாங்குகிறது. 1999ல் டிமத்தி ஹூவட் குழுவினர் சின்சினாட்டியில் உயர்நிலைப் பள்ளி மாணவிகளுக்கு ஆறு வாரம் குதித்து இறங்கும் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெறாத மாணவிகளுக்குக் கடுமையான முழங்கால் காயம், பெற்றவர்களைவிட 3.6 மடங்கு அதிகமாக வந்தது. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆட்டத்துக்கு முன் செய்யும் உடல்தேற்றும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளக்கூடிய சில அசைவுகள், சரியாகச் செய்கிறார்களா என்று பார்க்க ஒரு ஆள். அவ்வளவுதான்.

பெண்ணுக்குக் களம் கொடுத்தவர்கள், ஆண்களுக்கென்று வளர்ந்த பயிற்சியை அப்படியே எடுத்துக் கொடுத்தார்கள். குதிக்கச் சொன்னார்கள், இறங்கக் கற்றுத்தரவில்லை. இதை உடலின் குற்றம் என்பதைவிடப் பயிற்சியின் பாக்கி என்பதுதான் பொருத்தம்.

அந்தப் பாக்கி இன்றும் முழுதாகத் தீரவில்லை. 1990 முதல் 2002 வரை 13 ஆண்டுக் கணக்குகளைப் பார்த்தபோது கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில் இந்தக் காயத்தின் வீதம் குறைந்திருக்கவில்லை. வழி தெரிந்தாலும், எல்லாப் பயிற்சியாளர்களும் அதற்குத் தினமும் கால் மணி நேரம் ஒதுக்குவதில்லை. மேலும் இந்தக் காயத்தின் கதை ஆட்டத்தோடு முடிவதும் இல்லை. ஏ.சி.எல். கிழிந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பத்து இருபது ஆண்டுகளில் அந்த மூட்டில் தேய்மானம் வருகிறது. இருபது வயதில் கிழிந்தால் நாற்பது வயதில் வலி.

அதற்குப் பிறகு

ரால்ஃப் கூடைப்பந்தை விட்டுப் போகவில்லை. 2003ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். 2008ல் கனெக்டிகட்டுக்கே திரும்பி ஆரியம்மாவின் உதவியாளர் ஆனார். அவர் அங்கே இருந்த காலத்தில் அணி ஆறு முறை தேசிய சாம்பியன் ஆனது: 2009, 2010, பிறகு 2013 முதல் 2016 வரை தொடர்ந்து நான்கு. 2021ல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்றார். 2014க்குப் பிறகு என்.சி.ஏ.ஏ. போட்டியை எட்டாமலிருந்த அந்த அணியை 2024ல் அங்கே கொண்டுபோனார்.

கனெக்டிகட்டிலும் கதை தொடர்ந்தது. 2022 ஆகஸ்டில் பெய்ஜ் பெக்கர்ஸுக்கு ஏ.சி.எல். கிழிந்தது. 2022-23 சீசனை முழுவதும் விட்டுவிட்டு, ஏறத்தாழ 15 மாதம் கழித்து 2023 நவம்பரில்தான் ஆட வந்தார். அதே நவம்பரில் அணித்தோழி அஸி ஃபட்டுக்குக் கிழிந்தது. பள்ளியில் ஒருமுறை, இங்கே இன்னொருமுறை. அவரும் அந்த சீசனை விட்டுவிட்டுக் காத்திருந்தார். 2025 ஏப்ரல் 6 அன்று கனெக்டிகட் தென் கரோலினாவை 82-59 என்று வென்று சாம்பியன் ஆனபோது இருவரும் களத்தில் இருந்தார்கள். இறுதி நால்வர் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் ஃபட். எட்டு நாள் கழித்து நடந்த டபிள்யூ.என்.பி.ஏ. தேர்வில் முதல் ஆளாக டல்லாஸுக்குப் போனார் பெக்கர்ஸ். அந்த ஆண்டின் சிறந்த புதுமுக விருதும் அவருக்கே.

பெக்கர்ஸ் ரால்ஃபைவிட உறுதியானவர் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. காத்திருக்கச் சொல்லும் அறிவு அவர் காலத்தில் கைக்கு வந்திருந்தது. அப்படிக் காத்திருந்தாலும் கிழியாது என்ற உத்தரவாதம் யாருக்கும் இல்லை.

விளையாட்டு வரலாறு எழுதும்போது பெரும்பாலும் வென்றவர்களின் எண்களைத்தான் அடுக்குகிறோம். டபிள்யூ.என்.பி.ஏ. பதிவேட்டில் ரால்ஃபின் பெயருக்கு எதிரே ஒரு எண்ணும் கிடையாது. ஆனால் இறங்கக் கற்றுத்தர வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது என்று இன்று ஒரு பயிற்சியாளருக்குத் தெரிகிறது என்றால், அது அவரைப் போன்றவர்கள் தங்கள் முழங்காலைக் கொடுத்து எழுதிய பாடம். தாய்க்கு லீக் இல்லை, மகளுக்கு முழங்கால் இல்லை. மூன்றாவது தலைமுறைக்கு இரண்டும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது, ஒவ்வொரு பள்ளி மைதானத்திலும் தினமும் ஒதுக்கப்படும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் இருக்கிறது.